ஊசிக்கு அப்பாலும் ஒரு கேள்வி

என் பெரியம்மாவுக்கு ஐம்பது வயதைக் கடந்தபோது தீராத சோர்வும் கால் மரத்துப்போதலும் ஏற்பட்டன. வைட்டமின் பி12 குறைபாடு என்றார்கள், ஊசி போட்டார்கள், தேறினார். சில மாதங்களில் சோர்வு திரும்பியது, மீண்டும் ஊசி. ஆறு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. அச்சத்து ஏன் உடலில் சேரவில்லை என்று மருத்துவர்கள் ஆராயவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பின்னர் செய்த எண்டோஸ்கோப்பியில்தான், அவரது நோய் எதிர்ப்பாற்றல் அவரது இரைப்பையையே தாக்கி வந்தது தெரிந்தது.

இதற்குத் தன்னெதிர்ப்பு இரைப்பை அழற்சி என்று பெயர். இரைப்பையில் அமிலம் சுரக்கும் செல்கள் இதனால் அழிகின்றன. பி12 உறிஞ்சப்படத் தேவையான புரதத்தைச் சுரப்பவையும் அவையே. தன்னெதிர்ப்புத் தைராய்டு நோய், முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

இந்த அழற்சி இரைப்பைப் புற்றுநோய்க்கு வழிவகுக்குமா என்பதில்தான் ஆய்வுலகம் இன்று மாறுபட்டு நிற்கிறது. இவ்வகை ரத்தசோகை உள்ளோருக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ 7 மடங்கு என்று 2012-இல் வெளியான தொகுப்பாய்வு கணித்தது. ஆனால், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இலேயே புற்றுநோய்க் காரணியாக அறிவித்த ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, அந்நோயாளிகளிடம் முன்பே இருந்திருக்கலாம். நலிந்த இரைப்பையில் அக்கிருமி தானே மறைந்துவிடக்கூடும் என்பதால், பழைய தொற்றைப் பரிசோதனைகள் தவறவிடுவதுண்டு.

இந்த ஐயத்தைத் தெளிவிக்க முனைந்த இத்தாலிய ஆய்வாளர்கள், அக்கிருமி ஒருபோதும் தொற்றாத 211 நோயாளிகளைச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கண்காணித்தனர். அவர்களிடம் இரைப்பைப் புற்றுநோய் அபாயம் கூடவில்லை. இதற்கு மாறாக, அமெரிக்காவில் 50 வயதுக்குட்பட்டோரிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, ஒருவகை இரைப்பைப் புற்றுநோய் அதிகரிப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், தன்னெதிர்ப்பு அழற்சி அதற்குக் காரணமாகலாம் எனக் கருதுகின்றனர். விவாதம் முடிந்துவிடவில்லை.

இத்தாலிய முடிவு நமக்கு ஆறுதல் தருமா? முழுமையாகத் தராது என்பதே என் கருத்து. இந்தியாவில் இக்கிருமித் தொற்று மிகப் பரவலானது. சென்னையில் ஆண்களைத் தாக்கும் முன்னணிப் புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்று. கிருமியே தொற்றாதவர்களிடம் கண்ட முடிவை, இரண்டும் சேர்ந்திருக்க வாய்ப்புள்ள நம் நோயாளிகளுக்கு அப்படியே பொருத்த இயலாது. நம் மருத்துவக் கல்லூரிகள் தம் நோயாளிகளை நெடுங்காலம் பின்தொடர்ந்து ஆராய்ந்தால்தான் நமக்கான விடை கிடைக்கும்.

அதற்காக, பி12 குறைந்தவர்கள் அனைவரும் அஞ்ச வேண்டியதில்லை. சைவ உணவும் மெட்ஃபார்மின் மாத்திரையும்கூட அதைக் குறைக்கலாம். ஆனால், ஊசியை நிறுத்தும்போதெல்லாம் குறைபாடு திரும்பினால், தன்னெதிர்ப்புக்கான ரத்தப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்பது நன்று. அழற்சி உறுதியானவர்களுக்கு 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்யலாம் என்கின்றன ஐரோப்பிய வழிகாட்டுதல்கள். கிருமி இருந்தால் அதை மருந்தால் ஒழிக்க இயலும்.

பெரியம்மாவுக்கு இன்றும் ஊசி தொடர்கிறது. உரிய இடைவெளியில் இரைப்பையும் பரிசோதிக்கப்படுகிறது. குறைபாட்டை ஈடுசெய்வது சிகிச்சையின் பாதிதான். அதன் காரணத்தைத் தேடுவதே மறுபாதி.