ட்வீட்டர்மீது பழி வேண்டாம்
பழைய ஸ்பீக்கரில் ட்ரெபிள் மங்கினால் பலரும் முதலில் ட்வீட்டரைத்தான் கழற்றுகிறார்கள். அவசரம்!

அமெரிக்காவின் அகூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் 1958-இல் கொண்டுவந்த ஏஆர்-3 பெட்டியையே பாருங்கள். அதன் முதுகில் இரண்டு குமிழ்கள்: ஒன்று நடுத்தர ஒலிக்கு, மற்றது ட்ரெபிளுக்கு. அறைக்கேற்பக் கூட்டிக் குறைக்க வைத்தவை. இத்தனை ஆண்டுகளில் உள்ளிருக்கும் கம்பிச்சுருளில் களிம்பேறி, தொடர்பு விட்டுப்போகிறது. திருகும்போது கரகரத்தால் சந்தேகம் அதன்மீதுதான். (சத்தமே வராவிட்டாலும் அதுவாக இருக்கலாம்.) ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு இருபுறமும் பலமுறை திருகிப் பாருங்கள், மசியாவிட்டால் கழற்றித் துடைக்கலாம்.

ஒன்று கவனம்: அது காற்றுப்புகாப் பெட்டி. திறந்தால் கசிவின்றி மூட வேண்டும், இல்லையேல் பாஸ் கெடும்.

பிறகு இடம். மூலையில் ஒட்டினால் பாஸ் வீங்கும். ஓரடி நகர்த்தினால் தெளியும். ஈக்வலைசருக்குச் செலவழிப்பது இவ்வளவும் செய்துபார்த்த பிறகுதான்.