எக்லெஸ் கேக் இருக்கட்டும், "சுத்தமான" கேக் வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் இப்போது தெருவுக்கு ஒருவர் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார்கள். என்னிடம் படித்த பெண்களே ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். கையில் நாலு காசு புரளட்டும், எனக்கு சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் ஸ்டேட்டஸில் வரும் ஒரு வரி உறுத்துகிறது. "100% சுத்தம், முட்டை சேர்க்காதது." முட்டை சேர்க்கவில்லை என்று தாராளமாக எழுதுங்கள். அந்த "சுத்தம்" எதற்கு? முட்டை போட்ட கேக் அழுக்கா?

"எல்லாரும் அப்படித்தான் போடறாங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. எல்லாரும் போடுவதாலேயே கேட்கிறேன் கண்ணு. கடையில் வாங்கும் பாக்கெட்டில் முட்டை சேர்ந்திருந்தால் பழுப்புக் குறி, சேராவிட்டால் பச்சைக் குறி. சட்டம் அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது தகவல். சாப்பிடுகிறவர் எப்படிப்பட்டவர் என்பதை யாரும் டப்பா மேல் ஒட்ட வேண்டியதில்லை.

போன வருடம் எங்கள் பக்கத்து அடுக்குமாடியில் ஒரு பிறந்தநாள். அங்கே வீட்டு வேலை செய்யும் பெண், தன் மகளோடு விளையாடும் பிள்ளைக்காகக் குக்கரில் கேக் செய்து எடுத்துப் போனாள். மூன்று முட்டை போட்டு, நன்றாகப் பொங்கி வந்த கேக். அங்கிருந்த பெரியவர் ஒருவர் "அது சுத்தமில்லை, தொடாதீங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னாராம். "நாங்க முட்டை சாப்பிடறதில்லீங்க" என்று சொல்லியிருந்தால் யாருக்கும் வருத்தமில்லை. அந்தச் சிறுமிக்கு ஒன்பது வயது. "எங்கம்மா கை கழுவிட்டுத்தானே செஞ்சாங்க?" என்று என்னிடம் வந்து கேட்டாள். நம் ஊரில் "சுத்தம்" என்ற சொல்லுக்குச் சோப்பால் போகாத ஓர் அர்த்தம் உண்டு. பெரியவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே கேக் டப்பாவில் ஒட்டுவதுதான் எனக்குக் கோபம்.

இத்தனைக்கும் முட்டைக்கு மாற்று கொடுப்பது எப்படி என்று நம் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரமே காட்டியிருக்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கினார். 1989-ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. படிப்படியாக ஏறி 2010-ல் வாரம் ஐந்து நாளும் முட்டை. முட்டை நாளில் என் வகுப்பு நிறைந்திருக்கும். வீட்டில் முட்டையே பார்க்காத பிள்ளைகள் வெள்ளையை முதலில் தின்றுவிட்டு மஞ்சளைக் கடைசிவரை வைத்திருப்பார்கள். முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரே வரிசை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். பழம் வாங்கிய பிள்ளையைச் சுத்தம் என்று ஆயாம்மா சொன்னதில்லை, முட்டை வாங்கியவனைத் தள்ளி உட்காரச் சொன்னதும் இல்லை. பக்கத்துக் கர்நாடகத்தில் 2021-ல் பள்ளியில் முட்டை கொடுக்கத் தொடங்கியதற்கே மடாதிபதிகள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தினம் கோடிக்கணக்கில் முட்டை அனுப்பும் நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் அந்த வழியில் போக வேண்டுமா?

"அப்போ டீச்சர் எக்லெஸ் கேக்குக்கு எதிரி" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புரட்டாசி வந்தால் நம் வீடுகளில் பாதி அடுப்பில் முட்டை ஏறாது. நாமக்கல்லில் விலையே இறங்கிவிடும். பிறகு கார்த்திகை, மாலை போட்டவர்கள். அந்த மாதத்தில் பிறந்த பிள்ளை என்ன பாவம் செய்தது? சில பிள்ளைகளுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, உடம்பு தடித்து மூச்சுத் திணறும். இங்கிலாந்தில் ஆல்ஃபிரெட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கும் முட்டை ஆகாது. அவருக்காக 1837-ல் அவர் கண்டுபிடித்ததுதான் கஸ்டர்ட் பவுடர். ஈஸ்டும் அந்த அம்மாவுக்கு ஆகாது என்பதால் 1843-ல் பேக்கிங் பவுடரையும் செய்தார். நம்மில் பலர் கஸ்டர்ட் பவுடரில் முட்டை இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சோளமாவு! ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாததை மாற்றிக் கொடுப்பது அன்பு. அதில் எனக்கு என்ன சண்டை?

அடுத்து, எக்லெஸ் என்றால் உடம்புக்கு நல்லது என்று ஒரு பிரச்சாரம். கண்டென்ஸ்டு மில்க் டின் ஒன்றை ஊற்றிச் செய்கிறீர்களே, அதில் பாதிக்கு மேல் சர்க்கரை. தூக்கிப் போட்ட முட்டை ஒவ்வொன்றிலும் ஆறு கிராம் புரதம் இருந்தது. சாப்பிடுங்கள், ஆனால் ஆரோக்கியம் என்று விற்காதீர்கள். முட்டை மாற்றுப் பவுடர் என்று விலை வைத்து விற்பதையும் வாங்க வேண்டாம். முட்டை என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் வீட்டில் உள்ளதே போதும்.

ஓடு நீங்கலாக ஒரு முட்டை சுமார் 50 கிராம், அதில் முக்கால் பங்கு தண்ணீர். மாவை ஈரமாக்கும், சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அடித்தால் நுரைத்துக் காற்றைப் பிடித்து வைக்கும். சாதாரண கேக்குக்கு ஒரு முட்டைக்குப் பதில் கால் கப் தயிர் போதும். தயிரின் புளிப்பும் ஆப்ப சோடாவும் சேர்ந்து பொங்கும். கோதுமை, ராகி போட்ட கேக்குக்குப் பிடிப்பு வேண்டும். ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் ஊறவிட்டால் வெண்டைக்காய் மாதிரி வழவழக்கும், அது ஒரு முட்டைக்குச் சமம். வாழைப்பழம் மசித்தும் போடலாம், ஆனால் என்ன எசென்ஸ் ஊற்றினாலும் பழ வாசம்தான் வரும். நுரைதான் கஷ்டம். 2014-ல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர், பயறு வகைகள் வெந்த தண்ணீரை அடித்தால் வெள்ளைக்கரு போல நுரைக்கும் என்று கண்டார். நாம் சுண்டல் செய்துவிட்டுச் சாக்கடையில் ஊற்றும் அதே கொண்டைக்கடலைத் தண்ணீர்! உப்புப் போடாமல் வேகவைத்து, கெட்டியாகச் சுண்டவிட்டு அடித்துப் பாருங்கள். முட்டை இல்லாமல் பொங்குவது நமக்கென்ன புதிதா? உளுந்தின் வழவழப்பை நம்பி எத்தனை தலைமுறையாக இட்லி ஊற்றுகிறோம்.

விற்கும் பெண்களுக்கு ஒன்று. எக்லெஸ் என்று எழுதினால் அது வாக்கு. காலையில் முட்டை அடித்த அதே பீட்டரைத் துடைத்துவிட்டு மதியம் எக்லெஸ் கலக்காதீர்கள். ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அந்த ஒட்டலே போதும். தனிப் பாத்திரம், தனி பீட்டர் வையுங்கள். முடியாவிட்டால் "முட்டை பயன்படுத்தும் சமையலறை" என்று எழுதிவிடுங்கள். சுத்தத்தை அங்கே காட்டுங்கள்.

எப்படியும் கேட்பீர்கள், என் தயிர் கேக் அளவு இதுதான். ஒரு கப் கெட்டித் தயிரில் அரை டீஸ்பூன் ஆப்ப சோடா, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர் கலந்து ஐந்து நிமிடம் விடுங்கள், நுரைத்து வரும். முக்கால் கப் சர்க்கரை, அரை கப் எண்ணெய், கொஞ்சம் வெனிலா எசென்ஸ். கடைசியில் ஒன்றரை கப் மைதா சலித்துப் போட்டு, கட்டி இல்லாமல் கலந்ததும் நிறுத்திவிடுங்கள். அடித்துக்கொண்டே இருந்தால் ரப்பராகிவிடும். ஓவனில் 180 டிகிரி, முப்பத்தைந்து நாற்பது நிமிடம். குக்கரில் வைப்பவர்கள் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்ற மறக்காதீர்கள். வந்ததும் போட்டோ அனுப்புங்கள்.