மைனஸ் 33-ல் ஒரு திருவிழா, 40-ல் நம் பிள்ளைகள்



கனடாவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் பெரம்பலூர் திரும்பியதிலிருந்து எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், அந்தக் குளிரை எப்படித் தாங்கினீங்க?" தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைத் தாங்கியவர்கள் இதையும் தாங்குவீர்கள்.

பிப்ரவரியில் ஒட்டாவா நகரத்துக்குப் போனோம். மகள் இருக்கும் ஸ்கார்பரோவிலிருந்து காரில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அங்கே 'விண்டர்லூட்' என்று ஒரு குளிர்காலத் திருவிழா 1979-லிருந்து நடக்கிறது. தெருவோரம் பனிக்கட்டிச் சிற்பங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டினோ நகரப் பூங்காவில் பிள்ளைகளுக்குப் பனிச் சறுக்குகள். நாங்கள் போன அன்று மைனஸ் 20 டிகிரி. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. இரண்டையும் சேர்த்து, உடம்புக்கு அது மைனஸ் 33 போல இருக்கும் என்று காலையிலேயே அறிவித்துவிட்டார்கள்.

இயற்பியல் வாத்தியார் என்பதால் இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். நம் தோலை ஒட்டி எப்போதும் ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் இருக்கிறது. காற்று வீசினால் அது பறந்துபோகும், உடம்பு புதிதாகச் சூடாக்க வேண்டும். அதனால் வெப்பநிலையை மட்டும் சொன்னால் போதாது, காற்றையும் சேர்த்து ஓர் எண் சொல்கிறார்கள். அந்த எண் மைனஸ் 28-க்கும் 39-க்கும் இடையில் இருந்தால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம்தான். பாமர மனிதருக்கும் புரிகிறபடி, எத்தனை நிமிடம் வெளியே நிற்கலாம் என்பதுவரை சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது சிற்பத்துக்கு வருகிறேன். கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்க முடிகிற பனிக்கட்டி அது. நம் வீட்டு ஃப்ரிட்ஜில் உறையும் கட்டி ஏன் நடுவில் வெள்ளையாக இருக்கிறது? எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உறைவதால் தண்ணீரில் கரைந்திருந்த காற்று நடுவில் சிக்கிக்கொள்கிறது. சிற்பிகளுக்கான கட்டியை அடியிலிருந்து மேலாக மெதுவாக உறையவிட்டு, மேலே இருக்கும் தண்ணீரைச் சுழலவிடுகிறார்கள். காற்றும் அழுக்கும் மேலே போய்விடும். அப்படிச் செய்த ஒரு கட்டி ஏறக்குறைய 136 கிலோ. மரம் அறுக்கும் ரம்பத்தால் அறுத்து, உளியால் செதுக்கி, இரண்டு துண்டுகளுக்கு நடுவே தண்ணீர் தெளித்தால் போதும், அந்தக் குளிரில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். பொடிப் பனியாக இருந்தால், மரச் சட்டத்துக்குள் கொட்டி மிதித்து இறுக்கிய பிறகு செதுக்குகிறார்கள், நம் ஊர் மண்சுவர் எழுப்புவதுபோல.

"கங்கைகொண்ட சோழபுரத்துச் சிலை ஆயிரம் வருஷமா நிக்குது. இது ஒரு மாசம்கூட நிக்காதே, எதுக்கு இவ்வளவு பாடு?" என்றார் என் வீட்டம்மா. மார்கழியில் நீ போடுகிற கோலம் மத்தியானம்வரை நிற்கிறதா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

ஆனால் அங்கே என்னை அதிகம் யோசிக்க வைத்தது சிற்பங்கள் அல்ல, ஏற்பாடுகள். குளிர்காய ஒதுங்கும் இடங்கள். சுடச்சுடத் தின்பண்டக் கடைகள். தள்ளுவண்டியில் கைக்குழந்தைகள், சக்கர நாற்காலியில் பாட்டிமார்கள். யாரும் வீரத்தைக் காட்ட வரவில்லை. அந்த ஊரில் ரிடோ கால்வாய் உறைந்ததும் 7.8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சறுக்குப் பாதையாகிவிடும். குறைந்தது 30 சென்டிமீட்டர் தடிமனுக்கு நல்ல பனிக்கட்டி இருந்தால்தான் பச்சைக் கொடி, இல்லையென்றால் சிவப்பு. 2023-ல் குளிர் போதவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான வரலாற்றில் முதல்முறையாக அந்தப் பருவம் முழுக்கத் திறக்கவே இல்லை. ஊரே ஆசையோடு காத்திருந்தும் கொடி மாறவில்லை.

பேத்தியின் பள்ளியிலும் இதே கதைதான். அந்த எண் மைனஸ் 28-ஐத் தொட்டால் இடைவேளை வகுப்பறைக்குள். தொடாவிட்டால் அத்தனை பிள்ளைகளும் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். குல்லா, கையுறை, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு பனியில் உருண்டு புரள்கிறார்கள். பொத்திப் பொத்தி வளர்க்கிறார்கள் என்று சொல்ல முடியாது. எல்லை தெரிந்ததால் தைரியமாக வெளியே விடுகிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டுவது புதிதல்ல. 2023-ல் வெயிலால் பள்ளித் திறப்பையே ஜூன் 12-க்குத் தள்ளிவைத்தார்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-ல் தமிழக அரசு அறிவித்தது. வானிலை மையமும் எச்சரிக்கை தருகிறது. ஆனால் அந்த எச்சரிக்கை பள்ளி மணியை மாற்றுவதில்லை. விளையாட்டு விழா என்றால் சிறப்பு விருந்தினர் வரும்வரை பிள்ளைகள் மைதானத்தில் நிற்கிறார்கள். விருந்தினருக்குப் பந்தல் உண்டு. மயங்கி விழுந்த பிள்ளைக்கு "காலையில சாப்பிடாம வந்திருக்கும்" என்று காரணம் சொல்வோம். என் பணிக்காலத்தில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், வாதாடியும் இருக்கிறேன்.

குளிரில் மேலே ஒரு சட்டை கூடப் போட்டுக்கொள்ளலாம். வெயிலில் உரித்துப் போட ஓர் அளவுக்கு மேல் ஒன்றுமில்லை. வியர்வை ஆவியாவது ஒன்றுதான் உடம்புக்கு வழி. காற்றில் ஈரம் அதிகமானால் அதுவும் அடைபடும். அப்படிப் பார்த்தால், அவர்களைவிட நாம்தான் அதிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

"அது பணக்கார நாடு, சார்" என்பீர்கள். நிழலுக்கு எவ்வளவு செலவு? தென்னங்கீற்றுப் பந்தல், நீர்மோர், பானகம், மண்பானைத் தண்ணீர் எல்லாம் நம் பாட்டன் காலத்து ஏற்பாடுகள்தானே. களை எடுக்கப் போகிற பெண்கள் விடிவதற்குள் காட்டுக்குப் போய் உச்சி வெயிலுக்கு முன் கரையேறுவதைப் பார்க்கிறோம். படிக்காதவர்கள் கடைப்பிடிக்கிற அறிவைப் படித்தவர்கள் நடத்தும் பள்ளிக்கூடம் ஏன் மறந்தது?

"வெயிலில் நின்றால்தான் உடம்பு கெட்டிப்படும்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நானும் பிள்ளைகள் வெளியே விளையாட வேண்டும் என்கிற கட்சிதான். காலை ஏழு மணிக்கு ஓடட்டும், மாலை ஐந்துக்குக் கபடி ஆடட்டும். பதினொரு மணிக்கு அசையாமல் நிற்க வைப்பதில் என்ன உடற்பயிற்சி இருக்கிறது?

ஜப்பானில் சப்போரோ என்ற ஊரில் உலகப் புகழ்பெற்ற பனித் திருவிழா ஒன்று நடக்கிறது. 1950-ல் உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் ஒரு பூங்காவில் ஆறு பனிச்சிலைகள் செய்ததில் தொடங்கியது அது. ஊரின் பருவநிலையை ஊருக்குப் பெருமையாக மாற்றியவர்கள் பிள்ளைகள். நம் பிள்ளைகளையும் நம்பலாம். வகுப்புக்கு ஒரு வெப்பமானி கொடுங்கள். தினமும் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் கரும்பலகையில் எழுதட்டும். எந்த எண்ணுக்கு மேல் மைதானத்துக்குப் போகக்கூடாது என்று தலைமையாசிரியரும் மாணவர்களும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அதன் பிறகு யார் விருந்தினராக வந்தாலும் அந்த எண் மாறக்கூடாது.

என் மாணவர்களில் இன்று ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் பலர். சிமெண்ட் ஆலைகளிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் பொறுப்பில் இருப்பவர்கள் உண்டு. உங்கள் கீழே வேலை செய்கிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். கோடை வருவதற்குள் உங்கள் இடத்துக்கு ஓர் எண்ணை முடிவு செய்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

குளிர்காலத்தில் பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிற உறவினர்களுக்கு: பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும், கம்பளி உள்ளாடை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே தடித்த கோட்டைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. பனித்தரையில் வாத்துபோலச் சின்னச் சின்ன அடி வையுங்கள். குளிருக்குப் பயந்து மூன்று மாதமும் சன்னலோரம் உட்கார்ந்து திரும்பாதீர்கள். எண்ணைப் பார்த்துவிட்டு வெளியே போங்கள், பார்க்க நிறைய இருக்கிறது.

உங்கள் பள்ளியில், ஆலையில் ஏற்கெனவே நல்ல ஏற்பாடு இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்