தனித்தனியாக நடுங்கும் கைகள்

"நாலு பேர்கிட்ட கேட்டுக் குழம்பிக்காதீங்க, டாக்டர் சொல்றத மட்டும் கேளுங்க." நரம்பு சம்பந்தமாக ஏதோ ஒன்று, பெயர் தெரியாத ஒன்று, வீட்டுக்குள் வந்த எல்லாருமே இதைக் கேட்டிருப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பேராக்கில், அதுவும் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களிடம் இதைச் சொல்வது அநியாயம் என்பதுதான் என் கட்சி. அந்த நாலு பேரை விட்டால் எங்களுக்கு வேறு சாட்சியே கிடையாது.

கிளினிக்கில் நடப்பது இதுதான். மெதுவாக நடந்தால் வயசு. கை நடுங்கினால் வயசு. காலில் எறும்பு ஊர்ந்தால் இனிப்பு நீர். தலை சுற்றினால் ரத்தக் கொதிப்பு. மூன்று மணி நேரம் காத்திருந்தவருக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் "பாட்டி, நீங்க சின்ன வயசுல என்ன வேலை செஞ்சீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் "தோட்ட வேலை" என்று பதில் வரும். "பால் மரம் வெட்டுனாங்களாம்" என்று எழுதிக்கொள்வார்கள். மருந்து அடித்தது அதில் வராது.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினெட்டு வருஷம் மருந்து அடித்தவர். விடிகாலை பெரட்டுக்கு நின்று, முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, லாலாங் புல்லுக்கு அடித்த மருந்து. பம்பு ஒழுகும், முதுகு நனையும், அதே கையால் மதியம் சோறு. அந்தப் புல் மருந்தைத் தோட்டத்தில் கிராமக்ஸோன் என்றே சொன்னார்கள். ரசாயனப் பெயர் பாராகுவாட்.

அதன் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1962 முதல் சந்தையில் இருக்கும் மருந்து இது. இதைத் தயாரித்து வந்த சின்ஜெண்டா நிறுவனத்தின் தலைமையகம் சுவிட்சர்லாந்தில். அந்த சுவிட்சர்லாந்தோ 1989லேயே இதைத் தடை செய்துவிட்டது. 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒன்று அங்கே கொடுக்கப்பட்டிருந்த அனுமதியை ரத்து செய்தது. மலேசியா 2002இல் நிறுத்தப்போவதாக அறிவித்தது, 2006இல் பின்வாங்கியது, கடைசியில் 2020 ஜனவரி 1 அன்றுதான் தடை அமலுக்கு வந்தது. அறிவிப்புக்கும் தடைக்கும் நடுவில் பதினேழு வருஷத்துக்கு மேல். அதற்குள் பம்பு தமிழ்ப் பெண்களின் முதுகிலிருந்து இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளிகளின் முதுகுக்கு மாறிவிட்டது.

பாராகுவாட்டுக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்பு உண்டா? சந்தேகம் எங்கிருந்து வந்தது என்பதே ஒரு பாடம். 1982இல் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகச் செய்த செயற்கை ஹெராயினை ஊசி போட்ட ஒரு இளைஞர் திடீரென்று சிலை மாதிரி உறைந்துபோனார். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் அவரைப் பார்த்தார். பக்கத்து ஊரில் அண்ணன் தம்பி இருவர் அதே நிலையில் கிடப்பது இன்னொரு மருத்துவர் மூலம் தெரிந்தது. அதன் பிறகே எல்லாரும் போட்டுக்கொண்ட பொருளைத் தேடினார்கள். எம்.பி.டி.பி. என்ற கலப்படம் பிடிபட்டது. அது உடலுக்குள் மாறி உண்டாகும் பொருள், மூளையில் டோபமைன் சுரக்கும் செல்களைக் கொல்கிறது. அதன் வேதி அமைப்பு பாராகுவாட்டுக்கு ரொம்ப நெருக்கம். 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், பாராகுவாட் பயன்படுத்தியவர்களிடம் பார்க்கின்சன் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகம் தெரிந்தது. நோய்க்கு இது காரணம் இல்லை என்று நிறுவனம் இன்றும் மறுக்கிறது. 2012இல் பிரான்ஸ், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளோடு புழங்கிய விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சனைத் தொழில்சார் நோயாகவே ஏற்றுக்கொண்டது.

கவனியுங்கள், அந்த முதல் இளைஞர் ஒற்றை ஆளாக இருந்திருந்தால் அவர் ஒரு மனநோயாளி என்று கோப்பை மூடியிருக்கலாம். இன்னும் இரண்டு பேர் கிடைத்ததும்தான் கேள்வியே மாறியது. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு போர்டு எரிந்தால் தூக்கிப் போடுவோம். மூன்று போர்டு ஒரே இடத்தில் எரிந்தால் லாட் நம்பரைத் தேடுவோம். "போர்டுக்கு வயசாயிடுச்சு" என்று அறிக்கை எழுதினால் எனக்கு வேலை போய்விடும்.

எங்கள் ஆட்களுக்கு லாட் நம்பர் தோட்டம்தான். அதைத்தான் கலைத்துவிட்டார்கள். தோட்டத்தை விற்று, துண்டாடி, தாமானும் எண்ணெய்ப்பனையும் ஆக்கியபோது லயத்து ஆட்கள் ஈப்போவுக்கும் புந்தோங்குக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிதறினார்கள். வீடு போனது, கோயில் போனது, தமிழ்ப்பள்ளி போனது என்று நிறைய எழுதியிருக்கிறோம். போனவற்றில் மருத்துவச் சாட்சியமும் உண்டு, அதை யாரும் எழுதவில்லை. ஒரே லயத்தில் ஆறு பேருக்குக் கை நடுங்கியிருந்தால் ஆயாக்கொட்டகைக் கிழவியே கண்டுபிடித்திருப்பார். இன்றைக்கு அந்த ஆறு பேரும் ஆறு கிளினிக்கில் ஆறு "வயசு". நம் தோட்ட இலக்கியத்தையும் சேர்த்தே சொல்கிறேன்: பனியும் பால் வாளியும் தலைவிளக்கும் போதுமான அளவு வந்துவிட்டன. மருந்துப் பம்பு எத்தனை கதையில் வந்திருக்கிறது?

ஈப்போக்காரர்களுக்கு இது புதுசும் கிடையாது. 1998 செப்டம்பர் வாக்கில் இங்கே பன்றிப் பண்ணை ஆட்கள் காய்ச்சலும் வலிப்புமாக விழ ஆரம்பித்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசு மருந்து அடித்து, தடுப்பூசி போட்டார்கள். ஆனால் விழுந்தவர்கள் பெரும்பாலும் பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரிய ஆண்கள். ஜப்பானியக் காய்ச்சல் அதிகம் தாக்குவது பிள்ளைகளை. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளும் இருமிச் செத்தன. பண்ணையில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் கண்ணெதிரே தெரிந்த விஷயம். அதற்குள் பன்றிகள் நெகிரி செம்பிலான் வரைக்கும் விற்பனைக்குப் போய்விட்டன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரில் அது நிப்பா ஆனது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்தும் மூளைக்காய்ச்சல் திரும்பியது.

தோட்டப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டவர்களும் இருந்தார்கள். ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகானித்தா அமைப்பு, பினாங்கில் இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கைக் குழுவோடு சேர்ந்து 2002இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. விஷமேற்றப்பட்டு வாயடைக்கப்பட்டவர்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். அது வந்ததும் நம் சமூகம் என்ன செய்தது? தீபாவளிக்கு அரிசி மூட்டை கொடுத்தது.

இப்போது எதிர்க் கேள்விக்கு வருகிறேன். நாலு பேர் சேர்ந்து பேசினால் நாலு பொய்யும் சேரும், உண்மைதான். பாட்டியோடு மருந்து அடித்தவர்களைத் தேடித் தேடி ஒன்பது பேரைச் சேர்த்தோம். இரண்டு பேர் பாட்டியின் பழைய கும்பல். மற்றவர்கள் வேறு வேறு தோட்டம். ஒரு அத்தைக்குக் கால் மரத்துப்போனது பி12 குறைவால். மெட்பார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிட்டால் அப்படி ஆகலாம், ஊசி போட்டதும் குறைந்தது. இன்னொருவருக்குத் தைராய்டு. ஒரு தாத்தாவுக்குத் தலைசுற்றலுக்குக் கொடுத்த மாத்திரையே நடுக்கத்தைத் தந்திருக்கலாம் என்று நிபுணர் நிறுத்தச் சொன்னார். எங்கள் பட்டியல் எதையும் நிரூபிக்கவில்லை. ஆனால் இந்த மூன்று பேரும் "வயசு" என்று அனுப்பப்பட்டவர்கள்தான், மூன்று பேருக்கும் வைத்தியம் இருந்தது. மற்றவர் சொன்னதைக் கேட்டுத்தான் மறுபடி போய்க் கேட்டார்கள்.

ஆகவே கூட்டத்தில் நோய்க்குப் பெயர் வைக்க வேண்டாம். எழுதி வைத்தால் போதும். நடுக்கம் எந்தக் கையில் தொடங்கியது, எந்த வருஷம், சும்மா இருக்கும்போதா, கோப்பையைத் தூக்கும்போதா. வாசனை தெரிகிறதா. மலச்சிக்கல் எப்போதிலிருந்து. தூக்கத்தில் கையைக் காலை உதைக்கிறாரா. எந்தத் தோட்டம், எத்தனை வருஷம், தண்டல் யார், டின்னில் என்ன படம். கையெழுத்து சிறுத்துப்போச்சா என்று டாக்டர்கள் கேட்பார்கள். கைரேகை வைத்தே சம்பளம் வாங்கியவரிடம் அது உதவாது, பூ கட்டும் வேகம் குறைந்ததா என்று கேட்கலாம். இந்த ஒரு தாளோடு போனால் அதே ஐந்து நிமிடம் வேறு மாதிரி நடக்கிறது, பார்த்துவிட்டேன்.

இதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் நாமேதான். "வெளிய சொல்லாத, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கணும்" என்று வாயைப் பொத்துகிறோம். செய்வினை என்று ஐந்நூறு வெள்ளி கட்டுகிறோம். ஜப்பானில் மினமாத்தா மீனவக் குடும்பங்களையும் முதலில் தொற்று நோய்க்காரர்கள் என்று ஊரே ஒதுக்கியது. 1957இலேயே அவர்கள் தங்களுக்குள் ஒரு உதவிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். தொழிற்சாலைப் பாதரசம்தான் காரணம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968இல்.

கோயில் மண்டபங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் திறந்துவிடட்டும். ராஜகோபுரத்துக்கு வசூல் செய்யத் தெரிந்த நிர்வாகத்துக்கு நாற்காலி போடவும் தெரியும். தமிழ் பேசும் இளம் டாக்டர்கள் யாராவது வந்து உட்காரட்டும். சொக்சோவில் கோரிக்கை வைக்க வேண்டுமென்றால் என்ன வேலை செய்தோம் என்று காட்ட வேண்டும். தோட்டக் கம்பெனி இரண்டு முறை பெயர் மாறியிருக்கும், செக்ரோலைத் தேடினால் கிடைக்காது. கூட வேலை செய்தவரின் வாய்தான் மிச்சம். எங்கள் ஒன்பது பேரில் இளையவருக்கு அறுபத்தெட்டு. போன தைப்பூசத்துக்குப் பிறகு எட்டுப் பேர்தான் வருகிறார்கள்.