மறைந்திருப்பது யாருக்கு?

பற்களின் பின்புறம் ஒட்டப்படும் சீரமைப்புக் கருவிக்கு இந்திய நகரங்களின் பல் மருத்துவமனைகள் சூட்டியிருக்கும் விளம்பரப் பெயர் 'கண்ணுக்குத் தெரியாத கிளிப்'. அதன் தொழிற்பெயரோ 'லிங்குவல் பிரேசஸ்'. நாக்கு என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. மொழியியலின் ஆங்கிலப் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இருந்தும் அக்கருவி குறித்து இந்நாட்டின் மொழியியல் துறைகள் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. விளம்பரம் எழுதுபவர் நாக்கை மறந்தால் அது வணிகம். மொழியியலாளர் மறந்தால் அதற்கு என்ன பெயர்?

இக்கருவி 1970களில் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் உருவானது. ஜப்பானில் கின்யா ஃபுஜிட்டா இதனை வடிவமைத்தது, தற்காப்புக் கலை பயில்வோரின் உதடும் கன்னமும் முன்புறக் கம்பியில் மோதிக் கிழியாதிருக்க. கலிபோர்னியாவில் கிரேவன் கர்ஸ் வடிவமைத்தது, பல்லில் கம்பி தெரிவதை விரும்பாத வயதுவந்தோருக்காக. முதலாவது காயத்தைப் பற்றிய கவலை, இரண்டாவது தோற்றத்தைப் பற்றிய கவலை. சந்தை எதனைத் தத்தெடுத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

தோற்றக் கவலையை ஏளனம் செய்வது இங்கு நோக்கமன்று. முப்பது வயதில் கிளிப் அணிந்து வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியை எதிர்கொள்ளும் பார்வைகளும், பெண் பார்க்கும் படலத்தில் பல்வரிசை எடைபோடப்படும் விதமும் எல்லோரும் அறிந்தவையே. மறைக்க விரும்புவோரிடம் குற்றமில்லை. 'மறைவானது' என்ற சொல்லை நம்பி அவர்கள் கொடுக்கும் ஒப்புதலில்தான் குறை இருக்கிறது. கண்ணிலிருந்து மறைந்த கருவி காதுக்குக் கேட்கத் தொடங்குகிறது என்பதை அவர்களிடம் எவரும் முழுமையாகச் சொல்வதில்லை.

சொல்லப்படுவது வழக்கமாக ஒரே வரி: 'எஸ்' ஒலி சில வாரங்கள் சற்றுக் குழறும், பிறகு சரியாகிவிடும். இந்த வரி ஆங்கில வாய்க்காக எழுதப்பட்டது. ஆங்கிலத்தின் 'ட்', 'ட' போன்ற ஒலிகளுக்கு நாநுனி பல்லுக்கு மேலுள்ள ஈற்று மேட்டைத் தொடுகிறது; பிராக்கெட் ஒட்டப்படும் இடத்தில் அது பெரும்பாலும் மோதுவதில்லை. ஆகவே அங்கு உரசொலியே முதற்பலி ஆகிறது. இந்திய மொழிகளில் நிலைமை வேறு. தமிழின் த, ந இரண்டும் மேற்பல்லின் உட்புறத்தை நாநுனி பரந்து தொடுவதால் பிறப்பவை. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இவ்விரண்டுக்கும் பல்லின் அடியைத்தான் இடமாகக் காட்டுகிறது. உலோகம் ஒட்டப்படுவதும் அதையொட்டித்தான்.

தமிழில் இவ்வொலிகள் எங்கெல்லாம் வருகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். அது, இது, எது. வந்தான், பார்த்தாள், நடந்தது, படித்தேன். இறந்தகால இடைநிலைகளிற் பெரும்பகுதி பல்லின் பின்புறத்தில் குடியிருக்கிறது. நேற்று நடந்ததைச் சொல்ல முனைபவர் சொற்றொடருக்குச் சொற்றொடர் கம்பியைத் தொட்டாக வேண்டும். அதைத் தவிர்க்க நாக்கு சற்றுப் பின்வாங்கினால் தகரம் எங்கே போய் நிற்கும்? மலையாளத்தில் அந்த இடத்தில் ஏற்கெனவே வேறோர் ஒலி இருக்கிறது. குத்தி என்றால் குத்திய செயல், குற்றி என்றால் முளைக்குச்சி, குட்டி என்றால் குழந்தை. பல், ஈறு, நாமடி என்னும் மூன்றிடங்களிலும் பொருள் மாறும் மொழி அது. இந்தியில் தால் பருப்பு, டால் கிளை. இத்தகைய மொழி பேசுவோரிடம் 'எஸ் மட்டும் குழறும்' என்ற துண்டறிக்கையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது மருத்துவ ஒப்புதல் ஆகாது. அது மொழிபெயர்ப்புப் பிழை.

மருத்துவர்களின் மறுமொழி தெரிந்ததே: நாக்கு பழகிக்கொள்ளும். உண்மைதான், பெரும்பாலோருக்குப் பேச்சு கணிசமாகத் திரும்பிவிடுகிறது. ஜெர்மனியின் டிர்க் வீக்மன் போன்றோர் கணினி வடிவமைப்பால் ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியே வார்த்தெடுக்கும் மெல்லிய பிராக்கெட்டுகளைக் கொண்டுவந்த பின் உறுத்தலும் குறைந்திருக்கிறது. ஆனால் 'பழகிவிட்டது' என்பதை எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்? சிகிச்சைக்கு முன் நிழற்படம் எடுக்கிறார்கள், எக்ஸ்ரே எடுக்கிறார்கள், பல்லின் அச்சு எடுக்கிறார்கள். நோயாளியின் குரலை மட்டும் எவரும் பதிவு செய்வதில்லை. முன்பதிவு இல்லாத இடத்தில் மீட்சி என்பது, மருத்துவரின் காது சொல்வதும் நோயாளியின் அலுப்பு சொல்வதுமே. பாடகர், வழக்கறிஞர், அழைப்பு மைய ஊழியர், வாய்மொழித் தேர்வை எதிர்நோக்கும் ஆய்வு மாணவர் ஆகியோருக்கு அந்தச் 'சில வாரங்கள்' ஊதியத்தோடும் மதிப்பெண்ணோடும் தொடர்புடையவை. முன்புறக் கிளிப்பை விடப் பன்மடங்கு கட்டணம் செலுத்தியவரிடம் இதைச் சொல்வதில் என்ன தயக்கம்?

மொழியியல் துறைகளின் குற்றம் இதனினும் பெரிது. நாக்கு அண்ணத்தில் எங்கே தொடுகிறது என்பதை அறியும் அண்ணப்பதிவு முறையின் தொடக்கத்தில் நிற்பவரே ஒரு பல் மருத்துவர்தாம். 1870களில் லண்டனில் ஓக்லி கோல்ஸ் தம் வாய்க்குள் மாவும் பிசினும் பூசி, ஓர் ஒலியை உச்சரித்து, நாக்கு துடைத்துச் சென்ற தடத்தைப் பார்த்தார். பின்வந்த மின் அண்ணப்பதிவுக்கும் செயற்கை அண்ணம் பல் அச்சிலிருந்துதான் செய்யப்படுகிறது. இவ்வளவு நெருங்கிய உறவுடைய இரு துறைகள் இன்று ஒரே நகரில், சில இடங்களில் ஒரே பேருந்து நிறுத்தத்தில், ஒன்றையொன்று அறியாமல் இயங்குகின்றன. கரித்தூளும் எண்ணெயும் குழைத்து நாக்கில் தடவி வகுப்பறையில் அண்ணப்பதிவு கற்பிக்கும் துறைகள், தெருவுக்கு அப்பால் ஆயிரக்கணக்கான அண்ணங்களின் அச்சு அலமாரியில் அடுக்கப்பட்டிருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 'அழகுச் சிகிச்சை' என்று முகம் சுளித்து ஒதுங்குவது புலமையின் பெருமிதமாகத் தோன்றலாம். உண்மையில் அது சோம்பல்.

செய்ய வேண்டியது கடினமன்று. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பக்க வாசிப்புப் பகுதி. அதில் பல்லொலி, ஈற்றொலி, நாமடியொலி, உரசொலி நான்கும் சொல்முதலிலும் இடையிலும் இரட்டித்தும் வர வேண்டும். கிளிப் பொருத்துவதற்கு முன்பும், பொருத்திய மறுநாளும், ஒரு மாதம் கழித்தும், கழற்றிய பின்னும் அதனை வாசிக்கச் செய்து பதிவு செய்ய வேண்டும். முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் தொடங்கக்கூடிய வேலை இது. ஒப்புதல் படிவத்தில் 'எஸ்' என்றிருக்கும் இடத்தில் த, ந என்று திருத்த அதுவரை காத்திருக்க வேண்டியதுமில்லை.