வான்வழிப் பாதுகாப்பும் தெற்காசியாவின் தனிமைப் போக்கும்

விமானப் பயணமென்பது ஒரு நாட்டு மண்ணிலே தொடங்கி மற்றொரு நாட்டு மண்ணிலே முடிவடைவது. எனவே அதன் பாதுகாப்பும் தனியொரு நாட்டின் உடைமையாக இருத்தல் இயலாது. புறப்படும் நிலையத்திலே காவல் கண்ணயருமாயின், சேருமிடத்திலே எத்தனை கண்கள் விழித்திருந்தும் பயனில்லை. வெள்ளிடைமலையென விளங்கும் இவ்வுண்மையைத் தெற்காசிய அரசுகள் இன்றும் செயலில் ஏற்றுக்கொள்ளவில்லை. விமான நிலைய வாயிலிலே ஆயுதந்தாங்கிய காவலரை நிறுத்தி, வருவோர் போவோரின் அடையாள அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டாற் கடமை முடிந்தது என்ற எண்ணமே அவற்றிடம் மேலோங்கி நிற்கின்றது. இப்போக்குப் பயனற்றது, அத்துடன் அநீதியானது. அயல்நாடுகளுடன் கூடிப் பொதுவிதி வகுத்து, ஒருவர் நிலையத்தை மற்றவர் ஆய்ந்து பார்க்கும் முறையே இதற்கு மாற்று வழியாகும். அவ்வழியைக் கற்க நாம் மேலைநாடுகளின் வாயிலிற் காத்திருக்க வேண்டியதில்லை. நாம் ஏளனமாக நோக்கிப் பழகிய ஆபிரிக்காவே அதனைக் கற்பிக்கின்றது.

பயணிகள் விமான நிலையமே இல்லாத கண்டியிலிருந்து இதனை எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். 2001 யூலை 24 இல் விடுதலைப் புலிகள் கட்டுநாயக்காவைத் தாக்கிச் சிறீலங்கன் நிறுவனத்தின் மூன்று விமானங்களை முற்றாக அழித்தபோது, நாட்டுக்கு வரும் விமானங்களுக்கான போர்க்கால ஆபத்துக் காப்புறுதிக் கட்டணம் பன்மடங்கு உயர்ந்தது. உல்லாசப் பயணிகளின் வருகை வீழ்ந்தது. அச்சுமையைச் சுமந்தவர்களுள் கண்டி நகரின் விடுதி ஊழியரும், வழிகாட்டிகளும், பெரகரக் காலத்தை நம்பியிருந்த சிறு வணிகரும் அடங்குவர். கலகா, தெல்தோட்டை, புசல்லாவை ஆகிய இடங்களின் தோட்டங்களிலிருந்து மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் செல்வோர் கட்டுநாயக்கா வழியாகவே செல்கின்றனர். இவர்களுக்கு விமானப் பாதுகாப்பு ஆடம்பரப் பொருளன்று. பிழைப்பின் ஒரு கூறு.

பெட்டி காட்டும் உண்மை

1985 யூன் 23 இல் ஏயார் இந்தியாவின் 182 ஆம் இலக்க விமானம் அயர்லாந்துக்கு அப்பால் அத்திலாந்திக் கடலின் மேல் வெடித்துச் சிதறியது. 329 பேர் மாண்டனர். குண்டிருந்த பெட்டி வன்கூவரில் மற்றொரு விமானத்தில் ஏற்றப்பட்டு, பின்னர் கைமாற்றப்பட்டது. பெட்டிக்குரிய பயணி விமானத்தில் ஏறவேயில்லை. 1988 டிசம்பர் 21 இல் ஸ்கொத்லாந்தின் லொக்கர்பி நகரின்மேல் பான் ஆம் விமானம் வெடித்து 270 உயிர்கள் பலியாயின. நீதிமன்றத் தீர்ப்பின்படி, அப்பெட்டியும் உரியவரின்றி மால்ற்றாவிலிருந்து பிராங்பேட் வழியாக இலண்டன் வந்ததேயாகும்.

1989 செப்டெம்பர் 19 இல் பிரான்சின் யூ.ரி.ஏ. நிறுவனத்தின் 772 ஆம் இலக்க விமானம் கொங்கோவின் பிரசாவிலிலிருந்து புறப்பட்டு, சாட் நாட்டின் இன்ஜமேனாவில் தரித்துப் பாரிஸ் நோக்கிச் சென்றது. நைஜர் நாட்டுப் பாலைவனத்தின் மேல் அது வெடித்தது. 170 பேர் மாண்டனர். குண்டு பிரசாவிலில் ஏற்றப்பட்ட பெட்டியொன்றில் இருந்தது. ஏற்றிய நாடு ஒன்று, தரித்த நாடு மற்றொன்று, மக்கள் வீழ்ந்திறந்த நாடு வேறொன்று, விமானத்துக்குரிய நாடு இன்னுமொன்று. இந்நான்கினுள் எந்நாடு தனித்து நின்று இப்பயணிகளைக் காத்திருக்க முடியும்?

நமது அனுபவம்

நம் நாட்டின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1978 செப்டெம்பர் 7 இல் இரத்மலானையில் ஏயார் சிலோனின் அவ்ரோ விமானம் குண்டுவைத்து அழிக்கப்பட்டது, உயிரிழப்பு நேரவில்லை. 1982 யூன் இறுதியில் சேபால ஏக்கநாயக்க என்னும் இலங்கையர் தில்லியிலிருந்து பாங்கொக் சென்ற இத்தாலிய விமானத்தைக் கடத்தினார். நாடு திரும்பிய அவருக்கு வீரருக்குரிய வரவேற்புக் கிடைத்தது! விமானக் கடத்தலுக்கெதிரான சர்வதேச உடன்படிக்கைகளில் இலங்கை சேர்ந்திருந்தும், அக்குற்றத்தைத் தண்டிக்க உள்நாட்டுச் சட்டம் இருக்கவில்லை. விமானங்களுக்கெதிரான குற்றங்கள் பற்றிய 1982 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம் இதன் பின்னரே அவசரமாகப் பிறந்தது. கையொப்பத்துக்கும் செயலுக்குமிடையே எத்துணை தூரம்!

1984 ஆகஸ்ட் 2 இல் சென்னை மீனம்பாக்கத்தில் நிகழ்ந்தது இன்னும் கொடியது. கொழும்பு செல்லும் ஏயார் லங்கா விமானத்துக்கெனப் பதியப்பட்ட பெட்டிகளுக்குரிய பயணி விமானத்தில் ஏறவில்லை. பெட்டிகள் விமானத்திற்கு ஏற்றப்படாமல் முனையத்தினுள்ளேயே வைக்கப்பட்டன. குண்டிருப்பதாகத் தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. ஆயினும் முனையத்திலிருந்த மக்கள் காப்பாற்றப்படவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விதியின் முதற்பாதி கடைப்பிடிக்கப்பட்டது. மறுபாதியை எவரும் அறிந்திருக்கவில்லை. 1986 மே 3 இல் கட்டுநாயக்காவில் மாலைதீவு செல்லவிருந்த ஏயார் லங்கா விமானத்தினுள் குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர். புறப்பாடு தாமதமாகாதிருந்தால் அக்குண்டு நடுவானில் வெடித்திருக்கும்.

இச்செயல்களை விடுதலையின் பெயரால் நியாயப்படுத்துவோர் நம்மிடையே இருந்தனர். இத்தகைய தமிழ் மலரிலே அதனை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. பயணியை இலக்காகக் கொள்ளும் குண்டு எக்கொடியின் கீழ் வைக்கப்பட்டாலும் கொலையே. 1998 செப்டெம்பர் 29 இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடலின்மேல் வீழ்த்தப்பட்டு 55 பேர் மாண்டபோது, பயணிகளாக இருந்தோர் பெரும்பாலும் தமிழரே. அவர்கள் அனைவரும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற்று, சோதனைகள் பல கடந்து ஏறியவர்கள். பெயர், ஊர், பிறப்பிடம் யாவும் சோதிக்கப்பட்டன. எனினும், ஏவுகணை வந்தது நிலத்திலிருந்து!

பெயரைச் சோதிக்கும் முறையின் வறுமை இங்குதான் வெளிப்படுகின்றது. ஒருவரின் பெயரைக் கண்டவுடன் ஐயங்கொள்ளும் அதிகாரி, ஐயத்துக்கிடமற்ற பெயரைக் கண்டவுடன் கண்ணயர்கின்றார். போர்க்காலத்திலே தமிழ்ப் பெயர் ஐயத்துக்குரியதாயிற்று, 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னர் முஸ்லிம் பெயர் அவ்வாறாயிற்று, நாளை எப்பெயரோ? கருவிக்கும் விதிக்கும் இனமில்லை. உரியவரில்லாத பெட்டி எவருடையதாயினும் இறக்கப்படவேண்டும். ஏற்றப்படும் பெட்டி எவருடையதாயினும் ஊடுருவிப் பார்க்கப்படவேண்டும். எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்கும் பாதுகாப்பே உண்மையான பாதுகாப்பு.

ஆபிரிக்கா கண்ட வழி

ஆபிரிக்காவிடம் நாம் கற்க என்னவுண்டு என்று நகைப்போர் பின்வருவனவற்றை நோக்குவாராக. விமானப் போக்குவரத்துக்கென ஆபிரிக்க நாடுகள் 1969 இலேயே பொது ஆணைக்குழுவொன்றை அமைத்தன. அதன் தலைமையகம் டாக்கரில் உள்ளது. கிழக்கு ஆபிரிக்க சமூகத்து நாடுகள் 2007 இல் ஒரு பொது முகமையை நிறுவின. உகண்டாவின் என்டெபேயில் இயங்கும் அம்முகமையின் பெயரிலேயே பறப்பின் தொழினுட்பப் பாதுகாப்பும் குற்றச் செயல்களிலிருந்தான பாதுகாப்பும் இணைந்துள்ளன. ஒழுங்குவிதிகளை ஒருமைப்படுத்தலும், ஒரு நாட்டின் தேர்ந்த ஆய்வாளரை மற்ற நாடுகளும் பயன்படுத்திக்கொள்ள வழிசெய்தலும் அதன் பணிகள். தனித்தனியே ஆய்வாளர் படையொன்றைப் பேண இயலாத வறிய நாடுகள், தம் வறுமையையே ஒற்றுமைக்குக் காரணமாக்கிக்கொண்டன.

2016 பெப்ரவரி 2 இல் சோமாலியாவின் மொகடிசுவிலிருந்து புறப்பட்ட டாலோ நிறுவன விமானத்தில், மடிக்கணினியில் மறைத்த குண்டொன்று வெடித்தது. குண்டுதாரியைத் தவிர மற்றெவரும் இறக்கவில்லை. அக்கணினியை அவரிடம் சேர்ப்பித்தவர்கள் விமான நிலையத்தில் பணிபுரிந்தோரே என்பது கண்காணிப்புக் கமராவில் வெளிப்பட்டது. பயணிகளின் பெயரை ஆயிரம் முறை சோதித்தாலும் ஊழியரின் வாயில் திறந்திருக்குமாயின் யாது பயன்? அவ்வாண்டு ஏப்ரலிலேயே ஆபிரிக்க அமைச்சர்கள் நமீபியாவின் விண்ட்கூக்கில் கூடி, விமானப் பாதுகாப்புப் பற்றிய பொதுப் பிரகடனத்தையும் இலக்குகளையும் ஏற்றனர். ஆபிரிக்காவிற் குறையே இல்லை என்பது நமது வாதமன்று. குறையைப் பொதுக் குறையாக ஒப்புக்கொள்ளும் மனம் அங்குண்டு என்பதே நமது வாதம்.

இங்கு நிலை யாது? 1985 இல் சார்க் தோன்றியது. 1987 இல் காத்மண்டுவில் பயங்கரவாதத்தை ஒடுக்குவதற்கான உடன்படிக்கை கையொப்பமாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1999 டிசம்பர் 24 இல் அதே காத்மண்டுவிலிருந்து புறப்பட்ட இந்தியன் எயர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டது. அமிர்தசரஸ், லாகூர், துபாய், கந்தகார் என அவ்விமானம் ஊர்கள்தோறும் அலைந்தது. ஒரு பயணி கொல்லப்பட்டார். மூன்று கைதிகளை விடுவித்தே ஏனையோரை மீட்க நேர்ந்தது. ஒரு நிலையத்தின் வாயிற் குறை எட்டு நாட்கள் துணைக்கண்டத்தையே பணயமாக்கியது. உடன்படிக்கை தாளிலே உறங்கிற்று. 2014 இன் பின் சார்க் உச்சிமாநாடே கூடவில்லை. பறப்பின் தொழினுட்பப் பாதுகாப்புக்குத் தெற்காசியக் கூட்டுத்திட்டம் ஒன்று உண்டாயினும், என்டெபே முகமையை ஒத்த பொதுக் காவற் கட்டமைப்புச் சார்க்கிடம் இல்லை.

மறுப்புரைகளும் விடையும்

அயல்நாட்டு ஆய்வாளர் நம் நிலையத்துள் நுழைந்தால் இறைமை பறிபோய்விடும் என்பர் சிலர். ஐரோப்பாவுக்குச் சரக்கேற்றும் விமான நிறுவனங்கள், 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த முறைப்படி தாம் புறப்படும் நிலையங்களிலேயே சரிபார்க்கப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவுக்கு நேரடி விமானம் செல்லும் அந்நிய நிலையங்களை அந்நாடு தன் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மதிப்பிட்டு வருகின்றது. செல்வந்த நாட்டின் ஆய்வாளர் வரும்போது தலைவணங்கும் இறைமை, அயலவர் வரும்போது மட்டும் தலைநிமிர்வது விந்தையே! சென்னையின் ஆய்வாளர் கட்டுநாயக்காவையும், கொழும்பின் ஆய்வாளர் மீனம்பாக்கத்தையும் பார்வையிடுவது சமமானவர்களின் கொடுக்கல் வாங்கல். அதிலே தாழ்வென்பதற்கு இடமில்லை.

பொருள் வளம் போதாது என்பர் வேறு சிலர். வளம் போதாமையே கூட்டுறவுக்கு வலிமையான காரணம் என்பதை ஆபிரிக்கா நிறுவியுள்ளது. சர்வதேச குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பு 2002 முதல் நாடுகள்தோறும் ஆய்வு நடத்துகிறதே, அது போதாதா என்பர் இன்னுஞ் சிலர். அவ்வாய்வின் அறிக்கைகள் இரகசியமானவை. அன்றியும், தொலைவிலிருந்து ஆண்டுகள் சிலவற்றுக்கொருமுறை வருபவர் மருத்துவர். நாள்தோறும் நம் வேலியருகே நிற்பவரே அயலவர்.

செய்யவேண்டியவை

எட்டு நாடுகளும் ஒரே மேசையில் அமரும் நாள் வரும்வரை காத்திருத்தல் வேண்டியதில்லை. இலங்கை, இந்தியா, மாலைதீவு ஆகிய மூன்றும் தொடங்கலாம். பலாலி நிலையம் 2019 ஒக்டோபர் 17 இல் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. கொள்ளைநோயால் 2020 இல் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் தொடங்கியது. சிறிய நிலையம், குறுகிய பாதை. கூட்டுமுறையைச் சோதித்துப் பார்க்க இதனினும் ஏற்ற இடம் எது? முதலாவதாக, பயணியும் பெட்டியும் பொருந்துவதை இருமுனையிலும் ஒரே விதிப்படி உறுதிசெய்தலும், ஐயத்துக்குரிய பெட்டி இறக்கப்பட்டபின் மக்களை அகற்றும் முறையை வகுத்தலும் வேண்டும். இரண்டாவதாக, ஆண்டுதோறும் ஒரு நாட்டின் ஆய்வாளர் மற்ற நாட்டின் நிலையத்தை, ஊழியர் வாயில் உட்பட, ஆய்தல் வேண்டும். மூன்றாவதாக, இனம், மதம், ஊர் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு ஒருவரைத் தனியே நிறுத்திச் சோதித்தல் எழுத்திலே தடைசெய்யப்படவேண்டும். முறைப்பாடு செய்யத் தமிழிலும் சிங்களத்திலும் வழியிருத்தல் வேண்டும்.

இவை இராணுவத்தினரும் அதிகாரிகளும் மட்டும் பேசவேண்டிய செய்திகளென ஒதுங்கியிருந்தது போதும். சட்டம் பயில்வோரும் அரசறிவியல் பயில்வோரும் புவியியல் பயில்வோரும் நிறைந்த இப்பல்கலைக்கழகத்திலே, விமானப் பாதுகாப்பை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளும் ஒரு கருத்தரங்கேனும் கூடலாகாதா? மீனம்பாக்கத்திலும் கட்டுநாயக்காவிலும் மன்னார்க் கடலிலும் மாண்டவர்கள் வெவ்வேறு மொழி பேசியோர். அவர்கள் கையிலிருந்ததோ ஒரே வகைப் பயணச்சீட்டு. அடுத்த சீட்டை வாங்குபவர் உயிருடன் சென்றடையவேண்டுமாயின், தெற்காசிய அரசுகள் பெயர்களை எண்ணுவதை விடுத்துப் பெட்டிகளை எண்ணத் தொடங்கட்டும். அதனையும் அயலவரோடு சேர்ந்தே எண்ணட்டும்.