உடைந்த முகம் சொல்லும் சேதி

கோலார் தங்கவயலில் ஒரு காலத்தில் தங்கப் பாறையை ஸ்டாம்ப் மில்லில் போட்டுத்தான் நொறுக்கினார்கள். கேம் ஷாஃப்ட் சுழன்று கனத்த இரும்பு உலக்கைகளை ஒவ்வொன்றாகத் தூக்கும். கேம் விலகியதும் உலக்கை தன் எடையிலேயே பாறைமேல் விழும். தூக்கும்போதெல்லாம் ஷாஃப்டுக்கு ஓர் அடி. இப்படி அடிவாங்கும் ஷாஃப்ட் உடைந்து, உள்ளே பரல் பரலாக மின்னினால், "அதிர்ந்து அதிர்ந்து எஃகு படிகமாகிவிட்டது" என்பார்கள் அந்தக் காலத்துப் பொறியாளர்கள். எஃகு என்றைக்கும் படிகம்தான். நடந்தது அயர்ச்சி முறிவு: திரும்பத் திரும்ப விழும் சுமையில் விரிசல் மெல்ல வளர்ந்து உடைவது. அந்தப் பழைய விளக்கம் பட்டறைகளில் இன்னும் செத்துவிடவில்லை. கூடவே ஒரு மருந்தும் சேர்ந்துகொண்டது: "அடுத்த தடவை இஎன் 24 போட்டுடுங்க சார்."

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் தங்கவயலில் பிஇஎம்எல் ஆலை புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்துகொண்டிருக்கிறது. மண்ணையும் பாறையையும் தோண்டும் எந்திரத்தின் ஷாஃப்ட் அடிவாங்காமல் ஒரு ஷிஃப்ட்கூட ஓடாது. ஆகவே கேள்வி பழையதானாலும் தீர்ந்துபோனதல்ல.

இஎன் 24 நல்ல எஃகுதான். சுமார் 0.4 சதவீதம் கார்பன், 1.5 சதவீதம் நிக்கல், அதோடு குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம். இஎன் 8-இலும் கார்பன் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் இஎன் 8-இல் செய்த தடித்த ஷாஃப்டை ஹார்டனிங் செய்தால் மேல்தோல்தான் இறுகும், நடுப்பகுதி மெத்தென்றே இருக்கும். இஎன் 24 உள்ளே வரை இறுகும். நிக்கல் இருப்பதால் வலிமையோடு மோதல் தாங்கும் திறனும் கிடைக்கிறது. நடுத்தரத் தடிமனுக்கு இஎன் 19 போதும் என்பது எங்கள் கருத்து. அடியோடு தேய்மானமும் சேரும் பினியன் ஷாஃப்டுக்கு, மேல்தோலை மட்டும் கார்பன் ஏற்றி இறுக்கும் இஎன் 36 பொருத்தம்.

ஆனால் கிரேடு பெயரை மட்டும் எழுதி அனுப்புகிற ஆர்டர் பாதி ஆர்டர்தான். அதே இஎன் 24-ஐ 600 டிகிரியை ஒட்டி டெம்பரிங் செய்தால் 850 முதல் 1000 மெகாபாஸ்கல் வலிமையும் நல்ல மோதல் திறனும் வரும். கடினம் கூடட்டும் என்று 250 முதல் 400 டிகிரிக்குள் நிறுத்தினால் ராக்வெல் எண் அழகாக இருக்கும். சார்பி மோதல் சோதனையில் சட்டென்று ஒடியும். அடிவாங்கும் ஷாஃப்டுக்கு அந்த வெப்பநிலை ஆகாது.

விறைப்பு இன்னொரு விஷயம். வளைகிறது என்பதற்காக எஃகை மாற்றுவது வீண் செலவு. எந்த எஃகானாலும் மீள்மைக் குணகம் சுமார் 200 கிகாபாஸ்கல்தான். விட்டத்தை 50 மில்லிமீட்டரிலிருந்து 55 ஆக்குங்கள்: முறுக்கைத் தாங்கும் வலிமை மூன்றில் ஒரு பங்கு கூடும், முறுக்கு விறைப்பு ஏறத்தாழ பாதி கூடும்.

இதற்கெல்லாம் முன்னால் உடைந்த முகத்தை டீசல் ஊற்றிக் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீவே மூலையிலோ தோள்பட்டையிலோ ஒரு புள்ளியிலிருந்து பிறை பிறையாகக் கோடுகள் விரிந்து, எதிர்ப்பக்கத்தில் மட்டும் கரடுமுரடாகக் கிழிந்திருந்தால், அது ஒரே அடியில் போனதல்ல, நாள்பட்ட விரிசல். அங்கே கேட்க வேண்டியவை மூலையின் ரேடியஸ் எவ்வளவு, கீ தளர்ந்து ஆடியதா, தேய்ந்த பேரிங் இடத்தில் யாராவது முன்சூடு இல்லாமல் வெல்டிங் வைத்துக் கடைந்தார்களா என்பவை. கடைசியாகச் சொன்னது இஎன் 24-க்கு விஷம். வெல்டிங்கை ஒட்டிய பகுதி உடையும் அளவுக்கு இறுகி, விரிசல் அங்கேயே பிறந்துவிடும்.

1973 ஜூலை 30-இல் இங்கிலாந்தின் மார்க்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜினின் பிரேக் கம்பி ஒன்று முறிந்து, கேஜில் இறங்கிக்கொண்டிருந்தவர்களில் 18 பேர் மாண்டார்கள். அதுவும் அயர்ச்சி முறிவே. மசகு சரியாகப் போகாத ஒரு தாங்கி இறுகிக்கொள்ள, நேராக இழுபட வேண்டிய கம்பி ஒவ்வொரு பிரேக்கிலும் வளைந்திருக்கிறது. எவ்வளவு உயர்ந்த எஃகைப் போட்டிருந்தாலும் அந்த வளைவு இருந்திருக்கும்.

எனவே அடுத்த ஆர்டரில் கிரேடுக்குப் பக்கத்தில் வெப்பப் பதத்தையும் சார்பி மதிப்பையும் எழுதுங்கள். சோதனைத் துண்டு உங்கள் ஷாஃப்டின் தடிமனில் பதப்படுத்திய எஃகிலிருந்து எடுக்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சின்னத் துண்டை இறுக்கி எடுத்த எண்ணைப் பெரிய ஷாஃப்டின் சர்டிபிகேட்டாக ஒட்டித் தருகிற வழக்கம் சந்தையில் உண்டு.